சுவரோரம் ஒரு விரல் இடைவெளி

காளீஸ்வரனுக்கு ஒரு கை வேண்டும். அதுவும் மரத்தரை பதித்த குருநாதனின் வலது கை.

“அத ஒடிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும். ஆனா இன்ஸ்பெக்டர் எல்லாத்தையும் எழுத்துல கேக்குறாரு. அதான் உங்களக் கூப்பிட்டேன். மத்ததெல்லாம் நானே டைப் அடிச்சு வச்சிட்டேன். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்.”

யுவராணி அவர் நீட்டிய தாளை வாங்கிப் படித்தாள். ‘முன்விரோதம் காரணமாக, திட்டமிட்டு மட்டமான மரத்தைப் பதித்து திரு. காளீஸ்வரனின் வீட்டைப் பாழாக்கிய குருநாதன்’ என்று தொடங்கியது. அடியில் அவள் பெயர். பெயருக்கு மேலே கையெழுத்துக்கு ஒரு கோடு. இராமநாதபுரத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்த இந்த இரண்டு வருடத்தில், துப்பு துலங்கிய பிறகு அவளைக் கூப்பிட்ட முதல் ஆள் இவர்தான்.

“பஸ்ஸ விட்டு எறங்குனவன்கிட்ட டிக்கெட் குடுக்குற மாதிரி இருக்கும்மா,” என்று அவள் காதருகே முணுமுணுத்தார் பாக்கர். முப்பது வருடம் இராமேஸ்வரம் பஸ்ஸில் கண்டக்டர். ஓய்வு பெற்றதும் வீட்டில் உட்கார முடியாமல் அவளிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். விசில் மட்டும்தான் போனது, வாய் போகவில்லை.

இராமேஸ்வரத்தில், கடலிலிருந்து முந்நூறு அடி தள்ளி இருந்தது அந்த வீடு. அபிராமத்தில் மிளகாய் நிலங்கள் வைத்திருந்த காளீஸ்வரன் ஆசைப்பட்டுக் கட்டியது. கூடம் முழுக்கத் தேக்கு நிறத்தில் பளபளக்கும் பலகைத் தரை. ஆனால் கூடத்தின் நடுவில் பலகைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, வாசல் திசையிலிருந்து உள்சுவர் வரை ஒரு வரப்பு போல மேலே எழும்பியிருந்தன. கணுக்கால் உயரம்தான். விழுவதற்கு அது போதும். யுவராணி உள்ளே வந்த ஐந்து நிமிடத்தில் ஒரு முறை தடுக்கினாள். பாக்கர் இரண்டு முறை. வீட்டுக்காரரே ஒரு முறை தடுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு குருநாதனின் பரம்பரையைத் திட்டினார்.

“வர்ற வெள்ளிக்கெழம இந்தக் கூடத்துலதான் எனக்கு அறுபதாம் கல்யாணம். அதப் பேசி முடிக்கச் சொந்தக்காரவுக இன்னிக்கு நாலு மணிக்கு இங்கன வாராக. அத்தன பேரு முன்னாடியும் அந்தப் பய என் கால்ல விழணும். விழுந்து எந்திரிச்சதும் ஸ்டேஷன்.”

“முன்விரோதம்னு எழுதியிருக்கீங்களே?”

“அவன் அப்பன் எங்க தோட்டத்துல வேல பாத்தவன். எதுத்துப் பேசினான். களத்துல வச்சு நாலு சாத்து சாத்தினேன். மகன் அத மனசுல வச்சிருந்து, இருவது வருசம் கழிச்சு என் காலடியிலயே வந்து பழி தீத்துட்டான்.”

யுவராணி வழக்கப்படி கூடத்தை நான்கு மூலையிலிருந்தும் கைப்பேசியில் படமெடுத்தாள். மாலை வகுப்பில் தடயவியல் தாளில் இரண்டு முறை தோற்றவள் அவள். எது தடயம், எது குப்பை என்று பார்த்தவுடன் சொல்லும் கண் தனக்கு இல்லை என்று தெரியும். அதனால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வாள். மேடு, சுவர், ஊஞ்சல், சுவரில் மாட்டியிருந்த ஓர் இளம்பெண்ணின் படம். படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்தது.

“என் மக கலைச்செல்வி,” என்றார் காளீஸ்வரன். “போன தை மாசம் போய்ச் சேந்துட்டா. அதப் பத்திக் கேக்காதீக.”

அப்போது அவர் மனைவி நாகலெட்சுமி மோர் கொண்டு வந்தாள். தட்டில் மூன்று தம்ளர், தளும்பத் தளும்ப. மேட்டை நெருங்கியதும் குனிந்துகூடப் பார்க்காமல் காலைச் சரியாகத் தூக்கி வைத்துத் தாண்டினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

யுவராணி நோட்டில் எழுதினாள்: ‘1. எல்லோரும் தடுக்குகிறார்கள். வீட்டுக்கார அம்மா தடுக்கவில்லை. (பழக்கமாக இருக்கலாம். பெரிதுபடுத்தாதே.)’

குருநாதனைக் கேட்டுக்கு வெளியே, பூவரச மரத்தடியில் நிற்க வைத்திருந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டைக் கைகளைப் பொத்தான் போட்டு மூடியிருந்தான், கையை ஒளித்து வைத்தால் தப்பிக்கும் என்பது போல.

“பலகைய வெட்டிப் பாத்தாரும்மா. மேல ஒரு தோலுதான் தேக்கு, அடியில பூராம் பிளைவுட்டு, ஏமாத்திட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. ஆனா அது அப்படித்தான் இருக்கணும். அதுக்குப் பேருதான் என்ஜினீயர்டு வுட்டு. துபாய்ல ஒம்பது வருசம் இந்த வேலதான் பாத்தேன். மேல நாலு மில்லி அசல் தேக்கு. அடியில மெல்லிசு மெல்லிசா பலகை, ஒண்ணு நெடுக்க ஒண்ணு குறுக்க, ஓலப்பாய் முடையிற மாதிரி. ஒண்ணு முறுக்கப் பாத்தா இன்னொண்ணு இழுத்துப் பிடிச்சுக்கும். இந்தக் கடக்காத்துக்கு முழுத்தேக்குப் பலகையப் போட்டிருந்தா எப்பவோ அப்பளமாப் போயிருக்கும்.”

“அப்ப இது மட்டும் ஏன் தூக்குச்சு?”

“எப்படிப் பண்ணாலும் மரம் மரந்தானம்மா. ஈரத்தக் குடிச்சா ஒரு நூல் அகலும். அது அகல எடம் வேணும்னு சுவரோரம் சுத்தி ஒரு வெரக்கடை விட்டிருக்கேன். அசிங்கமாத் தெரியாம இருக்க மேல பட்டை அடிச்சு மறச்சிருக்கேன். அந்தப் பட்டையக் கழட்டிப் பாக்கணும். உள்ளயே விட மாட்டேங்கிறாரு.”

“உங்க அய்யாவ அடிச்சது?”

அவன் சட்டைக் கையின் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

“பக்கத்துலதான் நின்னேன். பழி வாங்கணும்னு நெனக்காத நாளில்ல. இப்பவும் நெனக்கிறேன். ஆனா அத மரத்துல காட்ட மாட்டேன். மனுசன் மேல கோவம்னா மனுசனத்தான தொடணும்? இந்தத் தரை என் பேரு. இன்னிக்கு ஸ்டேஷன்ல என்னைய உக்கார வச்சுட்டா, நாளைக்கு இந்தச் சீமையில எவன் வீட்டுல என்னைய வேலைக்கு விடுவான்?”

‘2. குருநாதனுக்குக் காரணம் இருக்கிறது. அதை அவனே சொல்கிறான். குற்றவாளி அப்படிச் சொல்வானா? (கெட்டிக்காரக் குற்றவாளி சொல்வான்.)’

பதினொன்றரைக்குக் காளீஸ்வரன் சொந்தக்காரர்களை அழைத்துவரக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கார் தெருமுனை திரும்பியதும், யுவராணி குருநாதனை உள்ளே கூப்பிட்டாள். நாகலெட்சுமி சமையலறைக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

“மேடு நடுவுல இருக்கு. நாம எதுக்குச் சுவர நோண்டுறோம்?” என்றார் பாக்கர்.

“பாய், பஸ்ல முன்னாடியும் பின்னாடியும் வழிய அடச்சுட்டுத் தள்ளினா, நடுவுல நிக்கிறவந்தான மேல ஏறுவான்?” என்றான் குருநாதன்.

“இந்தத் தம்பி நிரபராதிம்மா. பஸ்ஸப் பத்தி இவ்வளவு தெளிவாப் பேசுறவன் தப்பு செய்ய மாட்டான்.”

பட்டை கழன்று வந்தது. குருநாதன் குனிந்து பார்த்தவன், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இடைவெளி இருந்த இடத்தில் இடைவெளி இல்லை. கறுத்துக் கெட்டியான ஏதோ ஒன்று, சுவருக்கும் பலகைக்கும் நடுவே மூலைக்கு மூலை இறுக அடைத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினால் நுனி இறங்கவில்லை. பாக்கர் குனிந்து முகர்ந்தார். ஒரு துணுக்கைப் பெயர்த்து விரலில் உருட்டினார். உள்ளே முறுக்கிய பஞ்சுத் திரி தெரிந்தது.

“குங்கிலியமும் எண்ணெயும். இது கலப்பத்தும்மா. வள்ளத்துல பலகைக்கும் பலகைக்கும் நடுவுல தண்ணி ஏறாம அடைக்கிற வேல. யாரோ இந்தக் கூடத்தக் கடல்ல எறக்கப் பாத்திருக்காக.”

“யாரு செய்வா இத?”

“வள்ளம் கட்டுறவுக எல்லாரும் செய்வாக. ஆனா திரிய மூணு பிரியா முறுக்குறது எனக்குத் தெரிஞ்சு ஒரே ஆளு. பாம்பன் ராக்கப்பன். முப்பது வருசம் என் பஸ்லதான் திரிமூட்டையத் தூக்கிட்டு ஏறுவாரு. லக்கேஜ் போடுவேன், சண்ட போடுவாரு.”

யுவராணி அதற்குள் மேட்டருகே மண்டியிட்டிருந்தாள். பலகைகள் சேரும் காடியில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. கொண்டை ஊசியால் கிளறி நாக்கில் வைத்தாள். உப்பு. இன்னும் கிளறினாள். கறுப்பாக மூன்று மணிகள் உருண்டு வந்தன.

“எள்ளு,” என்றாள்.

“தரைக்கு எள்ளுருண்டை ஊட்டியிருக்காகளா?” என்றார் பாக்கர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இராமேஸ்வரத்தில் உப்புத் தண்ணீரும் எள்ளும் சேர்ந்து இருக்கும் இடம் ஒன்றுதான். கோயிலுக்கு எதிரே, அக்னி தீர்த்தக் கடல். செத்தவர்களுக்குத் திதி கொடுப்பவர்கள் எள்ளும் தண்ணீரும் விடும் இடம். அந்தக் கடல் இந்தக் கூடத்துக்குள் எப்படி வந்தது?

‘3. சுவரோரம் வள்ளத்துக் கலப்பத்து. 4. காடியில் கடல்தண்ணீரும் எள்ளும். 5. இரண்டையும் குருநாதன் செய்திருக்க முடியும். (முடியும். ஆனால் எள் எதற்கு?)’

“சாப்பிட்டுட்டுப் போறீகளா?” என்று கேட்டாள் நாகலெட்சுமி. அவள் குரலில் பதற்றமே இல்லை. அதுதான் யுவராணிக்குப் பதற்றமாக இருந்தது.

பாம்பனுக்கு பாக்கரின் ஸ்கூட்டரில் அரை மணி. ராக்கப்பன் கரையில் ஏற்றி வைத்த வள்ளத்துக்கு அடியில் உட்கார்ந்து, உளியால் திரியை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார். பாக்கரைப் பார்த்ததும், “லக்கேஜு இல்ல, போயிரும்!” என்றார்.

“நீரு கூடத்துக்கெல்லாம் கலப்பத்து அடிக்க ஆரம்பிச்சுட்டீராமே?”

ராக்கப்பனின் முகம் மலர்ந்தது. ஒளிக்க அவருக்கு ஒன்றும் இல்லை.

“பாத்தீகளா? பட்டையக் கழட்டி நாலு சுவரும் ஒரே மட்டமா அடிச்சுட்டு, திரும்ப மூடிட்டேன். எந்தக் கொத்தன் விட்ட ஓட்டையோ, வெரல் போற அகலம்! கொடத்தத் தலகீழாக் கவுத்தினாலும் இனி ஒரு சொட்டு கீழ எறங்காது.”

“யாரு கூப்பிட்டா?”

“அந்த வீட்டம்மாதான். இடுக்குல தேளு வருதுன்னாக. அவுக வீட்டுக்காரரு அபிராமம் போயிருந்த அன்னிக்கு வரச் சொன்னாக. இடுக்குன்னா அடைக்கணும். அதுதான எங்க பொழப்பு?” அவர் உளியைக் கீழே வைத்தார். “ஏன், ஒழுகுதா?”

வாழ்நாளெல்லாம் ஓட்டையை அடைத்தே பிழைத்த மனிதரிடம், ஓட்டை இருப்பதுதான் சரி என்று எப்படிச் சொல்வது? யுவராணி வாயைத் திறப்பதற்குள், குடிசைப் பக்கமிருந்து டீத்தட்டோடு ஒரு பெண் வந்தாள். ஏழு மாத வயிறு. நடையில் அவசரமில்லை.

“எம் மருமக,” என்றார் ராக்கப்பன்.

யுவராணி டீயை வாங்கவில்லை. அந்த முகத்தை அவள் இன்று காலையில் பார்த்திருக்கிறாள். சந்தன மாலைக்கு நடுவில்.

“யா அல்லா,” என்றார் பாக்கர், முதல் முறையாக ஒரு நக்கலும் இல்லாமல்.

யுவராணி கைப்பேசியை எடுத்தாள். காட்டலாமா என்று மூன்று முறை யோசித்தாள். நான்காவது முறை காட்டிவிட்டாள். கலைச்செல்வி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். தன் முகத்தையும், அதைச் சுற்றியிருந்த மாலையையும்.

“வள்ளக்காரன் மகனக் கட்டுனதுக்கு அய்யா என்னயத் தல முழுகிட்டாருன்னு தெரியும்,” என்றாள் மெதுவாக. “மால போட்டது தெரியாது. மாமா வந்த அன்னிக்கு அம்மா படத்தக் கழட்டி வச்சிருக்கணும். எங்க மாமாவ அம்மா வேலைக்குக் கூப்பிட்டப்ப, சமாதானத்துக்கு ஒரு வழின்னு நெனச்சேன்.” தட்டைக் கீழே வைத்தாள். “இருங்க. சேல மாத்திக்கிட்டு வாரேன்.”

மூன்றே முக்காலுக்கு யுவராணி மறுபடியும் அந்த வீட்டுச் சமையலறையில் நின்றாள். கூடத்தில் சொந்தக்காரர்களின் பேச்சும், யாரோ தடுக்கி விழும் சத்தமும் கேட்டன. அடுப்பு மேடைக்கு மேலே, நாட்காட்டிக்குப் பின்னால் ஒரு தாள் செருகியிருந்தது. குருநாதன் வேலை முடித்த அன்று கொடுத்துவிட்டுப் போனது. ‘மரத்தரையைக் காக்க’ என்று தலைப்பு. கீழே ஐந்து வரிகள். சுவரோர இடைவெளியை அடைக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. உப்புத் தண்ணீர் அறவே படக் கூடாது. ஈரத் துணியையோ பாயையோ விரித்து வைக்கக் கூடாது. மழை நாளில் கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்து போடக் கூடாது.

முதல் நான்கு வரிகளின் முன்னாலும் ஒவ்வொரு குங்குமப் பொட்டு.

“அஞ்சாவது பாக்கி,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நாகலெட்சுமி. “இந்த வருசம் மழையே இல்ல.”

“எதுக்கும்மா?”

“அந்தப் பையன் கூடாது கூடாதுன்னு எழுதிக் குடுத்தான். படிக்கப் படிக்க எனக்கு வழி சொல்ற மாதிரி இருந்துச்சு.” கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “அவன் மேல பழி விழும்னு நெனக்கல. அது என் தப்பு. எங்க வீட்டுக்காரருக்குத் தன்னைத் தவிர எல்லாரும் எதிரின்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். என்ன எழுதப் போறீக?”

“தெரியல,” என்றாள் யுவராணி. உண்மையைத்தான் சொன்னாள். “ஆனா அவர் எழுதுன தாள்ல கையெழுத்துப் போட மாட்டேன்.”

“போட வேணாம். என்னைய யாராவது கேக்கணும். அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்.”

கூடத்தில் பதினைந்து பேர் சுவரோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மேடு. மேட்டுக்கு இந்தப் பக்கம் குருநாதன், அந்தப் பக்கம் காளீஸ்வரன்.

“கையெழுத்து ஆச்சா?”

“இல்லீங்க,” என்றாள் யுவராணி. தாளை அவரிடமே திருப்பி நீட்டினாள். “குருநாதன் சுவரோரம் விட்ட இடைவெளிய யாரோ கலப்பத்து வச்சு அடைச்சிருக்காங்க. கடல் தண்ணியால தரையக் கழுவியிருக்காங்க. மரம் ஊறுச்சு, அகல எடம் இல்ல, மேல வந்துருச்சு. இவர் மேல தப்பில்ல.”

“அப்ப யாருலே?” அவர் குருநாதனைப் பார்த்தே கேட்டார். வேறு யாரைப் பார்த்துக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“நான்தான்,” என்றாள் நாகலெட்சுமி.

யாரோ ஒருவர் தம்ளரைக் கீழே வைத்த சத்தம் துல்லியமாகக் கேட்டது.

“போன தை அமாவாசைக்கு என்னையக் கடல்ல எறக்கி நிப்பாட்டினீக. என் உள்ளங்கையில எள்ள வச்சு, தண்ணி விடுடீன்னீக. மாட்டேன்னேன். கையப் பிடிச்சு நீங்களே கவுத்தினீக. இந்த ஊரே பாத்துச்சு. அந்த எள்ளு மெதந்த தண்ணியத்தான் வெள்ளிக்கு வெள்ளி கொடத்துல மோந்துட்டு வந்து உங்க தரைக்கு விட்டேன். பதினோரு வெள்ளி. நீங்க தேக்குல நடக்கணும்னு ஆசப்பட்டீக. நான் உங்கள விழ வைக்கணும்னு ஆசப்பட்டேன். எல்லாரு முன்னாடியும்.”

“செத்துப் போன கழுதைக்காக...” காளீஸ்வரன் கையை ஓங்கிக்கொண்டு அவளை நோக்கி வந்தார்.

வாசலில் ‘கிறீச்’ என்றது.

வீங்கிய பலகை ஒன்று, மேலே பாரம் ஏறியதும் அடிவயிற்றிலிருந்து எழுப்பிய சத்தம். எல்லாரும் திரும்பினார்கள். பச்சைச் சேலையில் கலைச்செல்வி நின்றாள். அவளுக்குப் பின்னால், உள்ளே வரலாமா என்று தெரியாமல் ராக்கப்பன். இன்னும் பின்னால் பாக்கர், ஆட்டோக்காரரிடம் சத்தமே இல்லாமல் பேரம் பேசிக்கொண்டு.

கலைச்செல்வி இன்னொரு அடி வைத்தாள். கிறீச். இன்னொரு அடி. ஒவ்வொரு பலகையும் ஏழு மாத வயிற்றின் கனத்தை வாங்கிக்கொண்டு, அவள் வருவதைக் கூடத்துக்குச் சொன்னது. அத்தை முறைக்காரி ஒருத்தி நாற்காலியின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“கேட்டீகளா?” என்றாள் நாகலெட்சுமி, சொந்தக்காரர்களைப் பார்த்து. “செத்தவ மிதிச்சா பலகை சத்தம் போடுமா?”

கலைச்செல்வி நேராகச் சுவரருகே போய், எம்பி, தன் படத்திலிருந்து சந்தன மாலையைக் கழற்றினாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு தகப்பனை நோக்கித் திரும்பினாள். காளீஸ்வரன் ஓங்கிய கையை இறக்க மறந்து ஓர் அடி பின்னால் வைத்தார். குதிகால் மேட்டில் இடித்தது. பதினைந்து சொந்தக்காரர்களுக்கு நடுவில், தொப்பென்று உட்கார்ந்தார்.

தரை வழவழப்பாக இருந்தது. பிடித்து எழ எதுவும் இல்லை. அவர் ஒரு முறை முயன்றார். வழுக்கியது. இன்னொரு முறை முயன்று, அண்ணாந்து சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் நின்றது குருநாதன் ஒருவன்தான்.

எழுந்திருக்க அவருக்கு ஒரு கை வேண்டியிருந்தது.

குருநாதன் தன் வலது கையைப் பார்த்தான். சட்டைக் கையின் பொத்தானை அவிழ்த்து, நிதானமாக மடித்து முழங்கை வரை ஏற்றிவிட்டான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.